மணிக்கூண்டில் பெயர் இல்லாத 14 பேர்

வேலூர் லாங் பஜாரில் மணிக்கூண்டைச் சுற்றி எந்நேரமும் நெரிசல்தான். மூட்டை இறக்குகிறவர்கள், தள்ளுவண்டிக்காரர்கள், பைக்கை எங்கே நிறுத்துவது என்று தவிப்பவர்கள் எல்லோரும் அதன் காலடியில்தான் நிற்கிறார்கள். அதில் பதித்திருக்கும் ஆங்கிலக் கல்வெட்டை நின்று படிப்பவர்கள் குறைவு. சின்னக் கல்வெட்டுதான். 1914-18 பெரும் போருக்கு வேலூரிலிருந்து 277 பேர் போனார்கள், அவர்களில் 14 பேர் உயிரைக் கொடுத்தார்கள் என்கிறது. அந்த 14 பேர் யார், எந்தத் தெரு, எந்தப் படைப்பிரிவு, குண்டடி பட்டுச் செத்தார்களா காய்ச்சலில் செத்தார்களா, ஒன்றும் கிடையாது. மதராஸ் மாகாணத்தில் போருக்கு ஆள் அனுப்பிய வேறு பல ஊர்களிலும் இதே பாணியில் கல் பதித்திருக்கிறார்கள். ஊர்ப் பெயர், போனவர் தொகை, இறந்தவர் தொகை. முடிந்தது.

அந்தக் காலத்தில் அப்படித்தான் என்று சொல்லித் தப்பிக்க முடியாது. அதைவிடப் பழைய காலத்தில் இதே வடாற்காட்டில், அதாவது வேலூரையும் சேர்த்த பழைய பெரிய மாவட்டத்தில், வேறு மாதிரி எழுதினார்கள். செங்கம் பக்கத்தில், இன்றைக்குத் திருவண்ணாமலை மாவட்டத்தில் இருக்கும் எடத்தனூரில் ஒரு நடுகல் உண்டு. ஏழாம் நூற்றாண்டு, மகேந்திரவர்மப் பல்லவனின் 34ஆம் ஆட்சியாண்டு. எருமைகளைக் காக்கப் போய் விழுந்த கருந்தேவகத்தி என்பவனுக்கு எடுத்த கல். அவன் பெயர் இருக்கிறது, யாருடைய ஆள் என்று இருக்கிறது, எதற்காக விழுந்தான் என்று இருக்கிறது. பக்கத்தில் ஒரு நாயையும் செதுக்கியிருக்கிறார்கள். திருடர்கள் இருவரைக் கடித்துவிட்டு அவனருகே காவல் நின்ற நாய் அது. அதன் பெயர் கோவிவன். அதையும் கல்லில் வெட்டியிருக்கிறார்கள்.

சுமார் 1,400 வருஷத்துக்கு முன்பு ஒரு மாட்டுச் சண்டையில் நின்ற நாயின் பெயர் நமக்குத் தெரியும். நூறு வருஷத்துக்கு முன்பு கடல் தாண்டிப் போன வேலூர்க்காரர்களின் பெயரை அவர்களுக்கென்றே வைத்த கல் சொல்லவில்லை. பெயரே இல்லை என்கிறபோது, அவர்களில் யார் நன்றாக ஓடுவான், யார் பட்டாளத்தில் தன் கம்பெனிப் பிரிவின் டீமில் பந்தடித்தான் என்ற பேச்சுக்கு எங்கே போவது? எனக்கு அந்தக் கேள்விதான் முக்கியமாகப் படுகிறது. போரில் இறந்த ஒருவரைப் பற்றிய நினைவில் முதலில் உதிர்வது அவருடைய விளையாட்டு.

பட்டாள வாழ்க்கையில் விளையாட்டு ஓரத்து விஷயம் இல்லை என்பதால் இது இன்னும் உறுத்துகிறது. காலையில் பி.டி., சாயங்காலம் கேம்ஸ் பரேடு. வெள்ளைக்காரன் காலத்திலிருந்து இன்றுவரை இதுதான் நடைமுறை. கம்பெனிக்குக் கம்பெனி போட்டி, அதில் தேறினால் பட்டாலியன் அணி, அப்புறம் அதைவிடப் பெரிய பிரிவுகளான பிரிகேடு, டிவிஷன், கமாண்ட், கடைசியில் முப்படைக்கும் பொதுவான சர்வீசஸ் அணி என்று ஏணி மேலே போகும். நன்றாக ஆடுகிற சிப்பாயை ஆபீசர்களுக்குப் பெயர் சொல்லிக் கூப்பிடத் தெரியும். மற்றவர்களை அப்படித் தெரியும் என்று சொல்ல முடியாது. தியான் சந்தையே எடுத்துக்கொள்ளுங்கள். 1922இல் சாதாரண சிப்பாயாகச் சேர்ந்தவர். படையில் ஆடிய ஹாக்கிதான் அவரை 1926இல் நியூசிலாந்து சுற்றுப்பயணத்துக்குக் கொண்டுபோனது, திரும்பி வந்ததும் சிப்பாய்க்கு அடுத்த படியான லான்ஸ் நாயக் ஆக்கியது. 1928, 1932, 1936 என்று மூன்று ஒலிம்பிக் தங்கம். மேஜராக ஓய்வு பெற்றார். ஒலிம்பிக் வரை போனதால் அவர் ஆட்டம் ஏட்டில் ஏறியது. பட்டாலியன் அணியோடு நின்றுவிட்டவன் ஆட்டம் அவனோடு ஆடியவர்களின் ஞாபகத்தில் மட்டும் இருந்தது.

ஏட்டில் ஏறினால் என்ன ஆகும் என்பதற்கு நம்மூர் வழியாகப் போன ஒரு ஆளையே காட்டலாம். ஹெட்லி வெரிட்டி. இங்கிலாந்தின் யார்க்‌ஷைர்காரர், 1905இல் பிறந்தவர், இடதுகைச் சுழற்பந்து வீச்சாளர். 1932இல் நாட்டிங்காம்ஷைருக்கு எதிராக 10 ரன் கொடுத்து 10 விக்கெட்டையும் எடுத்தார். முதல்தர கிரிக்கெட்டில் அந்தக் கணக்கை இன்றுவரை யாரும் தாண்டவில்லை. 1934 பிப்ரவரியில் சேப்பாக்கத்தில் முதல்முதலாக டெஸ்ட் நடந்தபோது வந்திருந்தார். முதல் இன்னிங்ஸில் 49 ரன்னுக்கு 7, இரண்டாவதில் 104 ரன்னுக்கு 4. இந்தியா 202 ரன் வித்தியாசத்தில் தோற்றது. மொத்தம் 40 டெஸ்ட், 144 விக்கெட். பிராட்மேனை மட்டும் டெஸ்டில் 8 முறை வெளியேற்றியிருக்கிறார்.

அவர் கடைசியாக ஆடிய முதல்தரப் போட்டி 1939 செப்டம்பர் 1ஆம் தேதி ஹோவ் நகரில் முடிந்தது. ஜெர்மன் படை போலந்துக்குள் நுழைந்த அதே நாள். அன்றைக்கு சஸெக்ஸ் அணியை 9 ரன்னுக்கு 7 விக்கெட் என்று சுருட்டிவிட்டுப் போனவர், திரும்ப யார்க்‌ஷைருக்காக ஆடவே இல்லை. கிரீன் ஹோவர்ட்ஸ் படைப்பிரிவில் சேர்ந்து கேப்டன் ஆனார். அவருடைய பட்டாலியன் இந்தியாவுக்கு வந்து ராஞ்சியில் இருந்தது, பிறகு பாரசீகம், சிரியா, எகிப்து என்று நகர்ந்தது. 1943 ஜூலையில் சிசிலியில் கட்டானியா சமவெளியில் இரவுத் தாக்குதல். விளைந்த வயல் தீப்பற்றி எரிய, நெஞ்சில் காயம்பட்டு விழுந்தார். விழுந்த பிறகும் முன்னேறிப் போகச் சொல்லித் தன் ஆட்களை ஏவினார். ஜெர்மானியர் கையில் சிக்கி, கைதியாக இத்தாலிக்குக் கொண்டுபோகப்பட்டு, ஜூலை 31ஆம் தேதி கசெர்ட்டாவில் இறந்தார். வயது 38. கல்லறை அங்கேதான் இருக்கிறது.

வயல் எரிந்தது வரைக்கும் இன்றைக்கு நமக்குத் தெரிகிறது. காரணம் எளிது. அவர் போட்ட ஒவ்வொரு ஓவரையும் யாரோ ஒருவர் பென்சிலால் குறித்து வைத்தார். ஸ்கோர்புக் அவரை முதலிலேயே பெயருள்ள ஆளாக ஆக்கிவிட்டது, அதனால்தான் சாவின் விவரத்தைத் தேடிக்கொண்டு ஆட்கள் போனார்கள். அவர் ஆபீசர், வெள்ளைக்காரர் என்பதும் சேர்ந்துதான். அதை மறைக்க வேண்டியதில்லை.

மறுபக்கத்தைப் பார்ப்போம். முதல் உலகப்போரில் இந்தியாவிலிருந்து சுமார் 13 லட்சம் பேர் பணியாற்றினார்கள், ஏறத்தாழ 74,000 பேர் இறந்தார்கள். இறந்தவர்களுக்கு நினைவிடம் எழுப்ப 1917இல் ஒரு ஆணையம் அமைத்தார்கள், இன்றைக்குக் காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையம் என்பது அதுதான். ஆபீசர், சிப்பாய் என்று பாகுபாடு இல்லாமல் எல்லோருக்கும் ஒரே மாதிரி மரியாதை என்பது அதன் கொள்கை. பிரான்சில் நூவ் ஷாப்பெல் நினைவிடத்தில் அதைக் காப்பாற்றவும் செய்தார்கள். அங்கே 4,700க்கும் மேற்பட்ட இந்தியப் பெயர்கள் இருக்கின்றன, சிப்பாய்கள் உட்பட. ஆனால் மெசபொடேமியாவில், இன்றைய ஈராக்கின் பாஸ்ராவில் எழுப்பிய நினைவிடத்தில் கதை மாறிவிட்டது. இந்திய ஆபீசர்களுக்குப் பெயர் வெட்டினார்கள். சிப்பாய்களை, அந்தந்தப் படைப்பிரிவின் கீழ் ‘மற்றும் இத்தனை பேர்’ என்று எண்ணிக்கையில் முடித்துவிட்டார்கள். ஐரோப்பியர்கள் வந்து பார்க்கிற இடத்தில் ஒரு நியாயம், அவர்கள் அதிகம் வராத தூரத்து நாட்டில் ஒரு நியாயம் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. 2021இல் அந்த ஆணையமே ஒரு அறிக்கையில் இதை ஒப்புக்கொண்டது. இந்தியர், ஆப்பிரிக்கர் என்று 45,000 முதல் 54,000 பேர் வரை சமமில்லாத முறையில் நினைவுகூரப்பட்டார்கள். குறைந்தது 1,16,000 பேருக்கு, ஒருவேளை 3,50,000 பேர் வரை கூட, பெயரே குறிக்கப்படவில்லை அல்லது நினைவிடமே இல்லை. விடுபட்ட பெயர்களைப் பழைய ஆவணங்களிலிருந்து மீட்கும் வேலை இப்போது நடந்துவருகிறது. நம் மணிக்கூண்டுக் கல்லும் பாஸ்ராச் சுவரும் ஒரே மனப்பாங்கில் எழுதப்பட்டவை.

வடாற்காட்டுக்கு இதில் கூடுதலாக ஒரு கெட்ட காலமும் உண்டு. 1881 முதல் 1885 வரை மதராஸ் படைக்குத் தலைமைத் தளபதியாக இருந்த பிரெடரிக் ராபர்ட்ஸ், தென்னிந்தியர்கள் போருக்கு லாயக்கில்லை என்ற முடிவுக்கு வந்தவர். அவர் இந்தியப் படை முழுவதற்கும் தளபதியான பிறகு மதராஸ் பட்டாலியன்கள் ஒவ்வொன்றாகக் குறைந்தன. முதல் உலகப்போருக்குப் பின் மிச்சம் இருந்த காலாட்படையும் 1920களில் கலைக்கப்பட்டது. இரண்டாம் உலகப்போரில் ஆள் பற்றாக்குறை வந்ததும் ராபர்ட்ஸின் தத்துவம் காற்றில் போய்விட்டது. மதராஸ் ரெஜிமென்ட் மறுபடி எழுப்பப்பட்டது, பஞ்சாபுக்கு அடுத்தபடி அதிகம் ஆள் கொடுத்தது மதராஸ் மாகாணம்தான். ஆனால் ஒரு படைப்பிரிவு கலைக்கப்படும்போது கலைவது ஆட்கள் மட்டும் இல்லை. மெஸ்ஸில் இருந்த கோப்பைகள், சுவரில் மாட்டிய அணிப் படங்கள், யார் யார் ஆடினார்கள் என்று எழுதிய பலகை எல்லாம் திசைக்கொன்றாகப் போகும். பெங்களூரை மையமாகக் கொண்ட ராணுவப் பொறியாளர் பிரிவான மதராஸ் சாப்பர்ஸ் மட்டும் தொடர்ச்சி விடாமல் இருந்ததால் அவர்களிடம் கொஞ்சம் தங்கியது. இந்தியர்களில் முதலில் ஜார்ஜ் கிராஸ் என்ற பிரிட்டனின் உயரிய வீர விருதைப் பெற்ற சுபேதார் சுப்பிரமணியன் அந்தப் பிரிவுக்காரர்தான். 1944 பிப்ரவரியில் இத்தாலியில் கண்ணிவெடி மேல் தானே விழுந்து கூட இருந்தவர்களைக் காப்பாற்றி இறந்தவர்.

கணியம்பாடி பக்கம் தெரிந்தவர் வீட்டில் அப்படி ஒரு அணிப் படத்தைப் பார்த்திருக்கிறேன். டிரங்குப் பெட்டியில் வேட்டித் துணியில் சுற்றி வைத்திருந்தார்கள். நடுவில் நாற்காலியில் இரண்டு வெள்ளைக்கார ஆபீசர்கள், பின்னால் நின்றும் முன்னால் தரையில் உட்கார்ந்தும் சிப்பாய்கள். தரையில் இரண்டு ஹாக்கிக் கட்டையைக் குறுக்காக வைத்து, நடுவில் கேடயம். சிலர் காலில் பூட்ஸ் இல்லை. அட்டையின் அடியில் ஆபீசர்களின் பெயர் இனிஷியலோடு முழுசாக இருந்தது. ஆட்டக்காரர்களின் பெயர் இருக்க வேண்டிய ஓரத்தைப் பூச்சி அரித்திருந்தது. வீட்டில் இருந்த வயதான அம்மா சொன்னார்: “எங்க நைனாவுக்கு சித்தப்பா அவுரு, தம்பி. பர்மா சண்டையில பூட்டாரு. இதுல மூணாவது ஆளுன்னு சொல்லுவாங்க. எந்தப் பக்கத்துல இருந்து மூணாவதுன்னுதான் யாரும் சொல்லல.”

அதே பெட்டியில் இரண்டு மெடல்களும் இருந்தன. ஒன்று அரசாங்கம் கொடுத்த போர் மெடல். இன்னொன்று ஹாக்கிக்குக் கிடைத்தது, மேலே குறுக்குக் கட்டைகள், பின்னால் ‘வின்னர்ஸ்’ என்று ஒரு சொல். போர் மெடலின் விளிம்பில் நகத்தை வைத்துத் தடவினால் எழுத்து தட்டுப்படும். பட்டாளத்தில் அவருக்குக் கொடுத்த நம்பர், பதவி, பெயர், படைப்பிரிவு. ஹாக்கி மெடலின் விளிம்பு வழவழவென்று இருந்தது.

இந்த விளிம்பு எழுத்துதான் குடும்பங்களுக்குக் கிடைக்கிற முதல் நூல்முனை. முதல் உலகப்போர் மெடல்களில் இது கட்டாயம் உண்டு. இரண்டாம் போரில் பிரிட்டிஷ் சிப்பாய்களுக்குப் பெயர் பொறிக்காமல்தான் கொடுத்தார்கள், இந்தியாவில் கொடுத்தவற்றில் பெரும்பாலும் பொறித்திருக்கும். முதல் போரில் இறந்தவர் வீட்டுக்கு ஒரு பெரிய வட்ட வெண்கலத் தகடும் அனுப்பினார்கள். அதில் பதவி இருக்காது, பெயர் மட்டும் புடைப்பெழுத்தில் இருக்கும். மெடல் வெள்ளியாக இருந்தால் எத்தனையோ வீடுகளில் அது கொலுசாகவோ அரைஞாணாகவோ மாறியிருக்கும். அதைக் குறை சொல்ல எனக்கு மனசு வராது, கைம்பெண்ணுக்கு அடுப்பெரிய வேண்டுமே.

நம்பர் கிடைத்துவிட்டால் காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் தளத்தில் தேடலாம். இரண்டாம் போரில் பர்மாவில் இறந்து கல்லறை இல்லாதவர்களின் பெயர் ரங்கூனுக்கு வெளியே தௌக்யானில் உள்ள நினைவிடத்தில் இருக்கும். கிட்டத்தட்ட 27,000 பெயர்கள். மலேயா, சிங்கப்பூர் பக்கம் இறந்தவர்கள் என்றால் கிராஞ்சி நினைவிடம், அங்கே 24,000க்கும் மேல். நம் ஆட்களுக்குக் கல்லறை இல்லாமல் சுவரில் பெயர் மட்டும் இருப்பதைக் கண்டு பலர் திகைக்கிறார்கள். இந்துச் சிப்பாய்களைத் தகனம் செய்தார்கள், உடல் கிடைக்காதவர்களும் உண்டு, அதனால்தான். பதிவில் நம்பர், பதவி, பிரிவு, இறந்த தேதி இருக்கும். பல பதிவுகளில் இன்னாரின் மகன், இன்ன ஊர், வடாற்காடு என்று வரும். மனைவி பெயரும் இருந்தால் அதிர்ஷ்டம். வீட்டில் பாட்டி பெயர் தெரிந்தவர்கள் அதை வைத்தே ஆளை உறுதி செய்துவிடலாம்.

தேடும்போது சிக்கல் இரண்டு. முதலாவது எழுத்து. முனுசாமியை ஆங்கிலத்தில் ஐந்தாறு விதமாக எழுதலாம், கிளார்க் காதில் விழுந்தபடி ஒன்றை எழுதியிருப்பார். குடும்பப் பெயர் நமக்கு இல்லாததால் ஒரே பட்டாலியனில் நாலு முனுசாமி இருப்பார்கள். அதனால் பெயரைவிட நம்பரை நம்புங்கள், கூடவே அப்பா பெயரையும் பாருங்கள். இரண்டாவது, வடாற்காடு என்பது ஒரே நிலப்பரப்பாக இருந்ததில்லை. 1911இல் சித்தூர் தனி மாவட்டமாகப் பிரிந்தது. அதற்கு முன்பு பட்டாளத்தில் சேர்ந்த சித்தூர்க்காரரும் காகிதத்தில் வடாற்காட்டுக்காரர்தான். 1989இல் திருவண்ணாமலை போனது. 2019இல் ராணிப்பேட்டையும் திருப்பத்தூரும் போயின. இரண்டாம் போர்க் காலத்துப் பதிவில் ‘வடாற்காடு’ என்று இருந்தால் இன்றைய நான்கு மாவட்டத்தில் எதிலும் ஊர் இருக்கலாம். தாலுகா பெயரைப் பிடித்துக்கொண்டு போனால் வழி தெரியும்.

இத்தனையும் செய்து முடித்தாலும் அந்தப் படிவத்தில் ஹாக்கிக்கு ஒரு கட்டம் கிடையாது. அந்த ஆள் வலது ஓரத்தில் ஓடினாரா, கோல் காத்தாரா என்பதை எந்த ஆணையமும் எழுதி வைக்கவில்லை. அது வீட்டுப் பேச்சில் இருந்தால் உண்டு.

சுதந்திரத்துக்குப் பிறகு பெயர்ப் பஞ்சம் தீர்ந்தது. டெல்லியில் 2019 பிப்ரவரி 25இல் திறந்த தேசியப் போர் நினைவுச் சின்னத்தில் 25,000க்கும் மேற்பட்ட பெயர்களைக் கருங்கல்லில், ஆளுக்கொரு பலகையாக வெட்டியிருக்கிறார்கள். இப்போதெல்லாம் சாவுச் செய்தியும் நொடியில் வந்துவிடுகிறது. 2016 பிப்ரவரி 3ஆம் தேதி சியாச்சினில் 19,000 அடிக்கு மேல் பனிச்சரிவில் 19ஆவது மதராஸ் பட்டாலியனைச் சேர்ந்த 10 பேர் புதைந்தபோது, வேலூர் மாவட்டத்து ஹவில்தார் எம். ஏழுமலையின் பெயர் நாடு முழுக்கத் தெரிந்தது. மணிக்கூண்டுக் காலத்தை நினைத்தால் இது பெரிய மாற்றம். ஆனால் பெயர் வந்ததும் கூடவே ‘வீரத் தியாகி’ என்ற ஃபிளெக்ஸும் வந்துவிடுகிறது. மீசையும் யூனிஃபார்முமாக எல்லோரும் ஒரே முகமாகிவிடுகிறார்கள்.

கணியம்பாடி ஒன்றியத்தின் கம்மவான்பேட்டையை ராணுவப்பேட்டை என்றே சொல்வார்கள். தலைமுறை தலைமுறையாகப் பட்டாளத்துக்கு ஆள் அனுப்பும் ஊர். இதுபோன்ற ஊர்களில் விளையாட்டும் ராணுவமும் ஒரே வாசல்தான். விடியுமுன்னே பையன்கள் ஓடுவது ஆள்சேர்ப்பு முகாமின் 1.6 கிலோமீட்டர் ஓட்டத்துக்காக. புல்-அப்ஸும் ஒன்பதடிப் பள்ளம் தாண்டுவதும் அதற்காகவே. வேலூர் சத்துவாச்சாரியின் சதீஷ் சிவலிங்கம் 2014 கிளாஸ்கோ காமன்வெல்த் போட்டியில் 77 கிலோ பிரிவில் மொத்தம் 328 கிலோ தூக்கித் தங்கம் வாங்கினார், 2018இல் மறுபடி வாங்கினார். அவருடைய தந்தையும் பளு தூக்கியவர், முன்னாள் ராணுவத்தினர். பளுதூக்கும் சங்கதி பட்டாளத்திலிருந்து தெருவுக்கு இறங்கி வருவது இந்தப் பக்கத்தில் புதுசில்லை.

அதனாலோ என்னவோ, இறந்த படைவீரருக்கு இங்கே இளைஞர்கள் செய்கிற மரியாதை நினைவுச் சுழற்கோப்பைப் போட்டி. ஏற்பாடெல்லாம் பிரமாதமாக இருக்கும், இரவு லைட் வெளிச்சத்தில் ஆட்டம், மைக்கில் வர்ணனை. நோட்டீஸை வாங்கிப் பாருங்கள். முதல் பரிசு வழங்குபவர், இரண்டாம் பரிசு வழங்குபவர், சாப்பாடு உபயம், பந்து உபயம் என்று ஊரில் பாதிப் பேர் அதில் இருப்பார்கள். யார் நினைவாகப் போட்டியோ அவரைப் பற்றிப் பிறந்த தேதி, இறந்த தேதி, பதவி. அவ்வளவுதான். கபடிப் போட்டி வைத்திருப்பார்கள், அவர் உண்மையில் பட்டாலியன் வாலிபால் அணியில், அடிப்பவருக்குப் பந்தை எடுத்துக் கொடுக்கும் செட்டராக இருந்திருப்பார்.

இதைச் சரிசெய்ய ஆவணக்காப்பகம் எதுவும் தேவையில்லை. கூட ஆடியவர்கள் இன்னும் இருக்கிறார்கள். ஓய்வு பெற்ற ஹவில்தார்களும் சுபேதார்களும் மாதாமாதம் ராணுவக் கேன்டீன் வரிசையில் கார்டோடு நிற்கிறார்கள். போரைப் பற்றிக் கேட்டால் இரண்டு வாக்கியத்தில் முடித்துவிடுவார்கள். அவன் எந்த இடத்தில் ஆடுவான் என்று கேளுங்கள், எந்த வருஷம், எந்த பிரிகேடு ஃபைனல், கடைசி செட்டில் ஸ்கோர் என்ன, ரெஃப்ரி செய்த அநியாயம் என்ன என்பது வரை வரிசை முன்னே நகர்ந்ததுகூடத் தெரியாமல் சொல்லிக்கொண்டிருப்பார்கள். கையில் ஒரு நோட்டும் பேனாவும் இருந்தால் போதும்.